பில்லில் இஞ்சின் பெயரையும் எழுதுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்ப் பட்டறை நடத்துவோருக்கும் ஃபோர்மேன்களுக்கும் ஒரு திறந்த மடல்



கிள்ளான் புக்கிட் ராஜாவில் டொயோட்டா வியோஸ் தயாராகிறது. ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் பெரோடுவா மைவி தயாராகிறது. 2023இல் புது வியோஸ் அறிமுகமானபோது அதன் விலை 89,600 வெள்ளியில் தொடங்கியது. மைவியின் உச்ச ரகமே அப்போது 60,000 வெள்ளியைத் தொடவில்லை. விற்பனைக்கூடம் வேறு, விளம்பரம் வேறு, வாங்குபவரின் நடை உடைகூடக் கொஞ்சம் வேறு. ஆனால் 1.5 மைவியையும் அந்த வியோசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே இஞ்சின்: 2என்.ஆர்-வி.இ., நான்கு சிலிண்டர், 1,496 சி.சி. 2022இல் வந்த ஆல்சாவிலும் அதுதான். ஏழு பேர் உட்காரும் ஆருஸிலும் அதுதான். ஆருஸின் உடன்பிறப்பான டொயோட்டா ரஷ்ஷிலும் அதேதான். அந்த ரஷ்ஷைத் தயாரித்துக் கொடுத்ததும் பெரோடுவாதான்.

உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆயில் ஃபில்டரைக் கழற்றிய கைக்கு முதல் நாளே தெரிந்துவிடும். காரை வாங்கி ஒன்பது வருடத் தவணை கட்டுகிறவருக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருப்பதால் யாருக்கு லாபம், தெரிந்தால் யாருக்கு என்ன மாறும் என்று பேசத்தான் இந்த மடல்.

கார் நிறுவனங்கள் ஏன் ஒரே இஞ்சினைப் பல கார்களில் வைக்கின்றன? காசுதான். அந்தக் காசு எந்த இடத்தில் மிச்சமாகிறது என்பது, இஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

ஒரு புது இஞ்சின் உருவாக வருடங்கள் பிடிக்கும். வரைபடம், மாதிரி, இரவு பகலாக ஓடும் சோதனை, புகைச் சான்றிதழ் இவ்வளவும் முடிந்த பிறகுதான் தொழிற்சாலைப் பேச்சே வரும். அலுமினியத்தை ஊற்றும் அச்சு வேண்டும். பிளாக்கைக் குடையும் இயந்திர வரிசை வேண்டும். கிராங்கை இழைக்க ஒரு வரிசை, சிலிண்டர் ஹெட்டுக்கு இன்னொரு வரிசை. முதல் கார் விற்பதற்கு முன்பே இதெல்லாம் கட்டி முடித்தாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம். இதற்கெல்லாம் 50 கோடி வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் போட்டு ஒரு லட்சம் கார் விற்றால், ஒவ்வொரு காரின் தலையிலும் 5,000 வெள்ளி ஏறும். ஐந்து மாடலில் போட்டு ஐந்து லட்சம் விற்றால் 1,000 வெள்ளிதான். அறுபதாயிரம் வெள்ளிக் காரில் நாலாயிரம் வெள்ளி என்பது சின்னத் தொகை இல்லை.

இன்னும் நுணுக்கமாகச் சேமிக்கும் வழி ஒன்று உண்டு. 1.3 மைவியிலும் 1.3 பெஸ்ஸாவிலும் இருப்பது 1என்.ஆர்-வி.இ., 1,329 சி.சி. அதன் போர் 72.5 மில்லிமீட்டர். 1.5 இஞ்சினின் போரும் அதே 72.5 தான். மாறுவது ஸ்ட்ரோக்: 1.3இல் 80.5, 1.5இல் 90.6. சிலிண்டரைக் குடைகிற அளவு ஒன்றே; கிராங்க் மாறும்போது சி.சி. மாறிவிடுகிறது. புரோட்டோனின் கேம்ப்ரோவும் இதே வித்தையைத்தான் செய்தது. 1.3க்கும் 1.6க்கும் போர் 76 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கை 73.4இல் நிறுத்தினால் 1,332 சி.சி., 88க்கு நீட்டினால் 1,597 சி.சி. லோட்டசின் துணையோடு உருவாகி 2004இல் ஜென்-2 காரில் வெளிவந்த அந்த இஞ்சின், பிறகு சத்ரியா நியோ, வாஜா, பெர்சோனா, 2008இன் சாகா, 2009இன் எக்சோரா என்று வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஏழு பேர் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போன எக்சோராவுக்கும், பையன்கள் விரட்டிக்கொண்டு போன சத்ரியா நியோவுக்கும் இதயம் ஒரே வம்சம்.

அடக்கவிலை குறைவதோடு இது நிற்பதில்லை. சிரம்பானை அடுத்த செண்டாயானில் டைஹட்சுவும் பெரோடுவாவும் சேர்ந்து 2016இல் என்.ஆர். இஞ்சின்களுக்கென்றே ஓர் ஆலை திறந்தன. மைவி ஒன்றுக்காக மட்டும் அப்படி ஓர் ஆலை எழுந்திருக்குமா என்பது சந்தேகம். பல கார்களுக்கு ஒரே இஞ்சின் என்றால்தான் அதை உள்ளூரில் செய்வது கட்டுப்படியாகும். உள்ளூரில் செய்தால்தான் வரிச்சலுகையும் வேலைவாய்ப்பும். அதே 2016இல்தான் டொயோட்டா டைஹட்சுவை முழுதாக வாங்கித் தன் குடையின்கீழ் கொண்டுவந்தது. பெரோடுவாவில் 38 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் யு.எம்.டபிள்யூ. நிறுவனம்தான் இந்த நாட்டில் டொயோட்டாவையும் விற்கிறது. 2023 இறுதியில் அந்த யு.எம்.டபிள்யூ.வையே சைம் டார்பி வாங்கிவிட்டது. மைவி வாங்கினாலும் வியோஸ் வாங்கினாலும் பணத்தில் ஒரு பங்கு கடைசியில் ஒரே வீட்டு வாசலில்தான் போய் இறங்குகிறது.

மூத்த ஃபோர்மேன்களுக்கு இதில் எதுவும் அதிசயமாகத் தோன்றாது. 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகாவே மிட்சுபிஷி லான்சரின் மறுபிறவி. அதிலிருந்த 4ஜி13, 4ஜி15 இஞ்சின்கள் பிறகு இஸ்வாராவுக்குப் போயின, வீராவுக்குப் போயின, சத்ரியாவுக்குப் போயின, அரேனா பிக்கப்புக்கும் போயின. கொரியாவில் ஹுண்டாய் தன் எக்செல் காருக்கு இதே 4ஜி15இன் உரிமம் வாங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களிலும் பழைய கிள்ளான் சாலையிலும் டாக்சியாக ஓடித் தேய்ந்த இஸ்வாராக்களையும் வீராக்களையும் இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது அந்த இஞ்சினின் மகிமை மட்டும் என்று சொல்ல முடியாது. வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கெட் எதுவாக இருந்தாலும் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. கிடைத்ததால் மலிவாக இருந்தது. மலிவாக இருந்ததால் டாக்சிக்காரர் அன்று மாலையே மறுபடி சாலையில் இருந்தார்.

கார் நிறுவனங்கள் மேலிருந்து செய்த இந்தப் பகிர்வை நீங்கள் கீழிருந்தும் செய்தீர்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வந்து இறங்கிய ஹாஃப்-கட் வண்டிகளைப் பார்த்து, எது எதற்குள் உட்காரும் என்று காகிதமே இல்லாமல் கணக்குப் போட்டவர்கள் நீங்கள். 1994இல் வந்த கஞ்சில், டைஹட்சு மீராவின் உடம்பு. அதனால் மீராவின் டர்போ இஞ்சின் கஞ்சிலுக்குள் போய் உட்கார்ந்தது. வீராவின் சாதாரண இஞ்சினை இறக்கிவிட்டு 4ஜி93ஐ ஏற்றியது அடுத்த அத்தியாயம். ஜே.பி.ஜே.யில் பதிந்து கெரானில் இஞ்சின் எண்ணை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, மாற்றாமல் ஓட்டி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கதை இங்கே வேண்டாம். எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காத ஒரு பொருத்தப் பட்டியல் இந்தப் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் வாய்வழியாகவே வளர்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆனால் பகிர்ந்த இஞ்சின் எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. புரோட்டோனின் வரலாறே அதற்குச் சாட்சி. 1996இல் வந்த தியாரா, பிரான்சின் சிட்ரோன் ஏ.எக்ஸ். காரின் மறுபெயர். அதன் 1.1 இஞ்சின் ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு ஓடியது. இங்கே தியாராவை விட்டால் அதைப் பார்க்க ஆளில்லை. வாஜாவில் மிட்சுபிஷி 1.6 போட்டவரைக்கும் யாருக்கும் தொல்லை இல்லை; ஆனால் 1.8 ரகத்துக்கு ரெனோ இஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 2005இன் சேவிக்கும் ரெனோவின் 1.2. இந்த இஞ்சின்களும் பல நாடுகளில் பல கார்களில் பகிரப்பட்டவைதான். ஆனால் பகிர்ந்தவர்கள் பாரிஸிலும் மார்சேயிலும் இருந்தார்கள். ஒரு சென்சாருக்காகக் காத்திருந்தவர் கிள்ளானில் இருந்தார். இன்ஸ்பிராவுக்கு மிட்சுபிஷி லான்சரின் இஞ்சின், 2016இன் பெர்டானாவுக்கு ஹோண்டா அக்கார்டின் இஞ்சின் என்றபோது இவ்வளவு சிரமம் இல்லை; லான்சரும் அக்கார்டும் ஏற்கெனவே இந்த ஊர்ச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தவை. பகிர்வு நிறுவனத்துக்கு எங்கே நடந்தாலும் லாபம். வாங்கியவருக்கு அது இந்த ஊரில் நடந்தால்தான் லாபம். பழைய கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

எந்த அளவு இஞ்சினைப் பகிர்வது என்பதை வடிவமைப்பாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. சாலை வரிக்கும் அதில் பங்குண்டு. தீபகற்பத்தில் சொந்த உபயோகக் காருக்கு 1,400 சி.சி. வரை 70 வெள்ளி, 1,600 வரை 90 வெள்ளி. அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சி.சி.க்கும் காசு ஏறும். எஸ்.யு.வி.க்குக் கணக்கு வேறு: 1,600 சி.சி.க்குள் 120 வெள்ளி, அதற்கு மேல் போனால் தொடக்கமே 300. முதலில் 1.8 டர்போவோடு வந்த புரோட்டோன் எக்ஸ்70, 2022இல் 1.5க்கு இறங்கியதும் வாங்கியவரின் வரி பாதிக்கும் கீழே போனது. அந்த 1.5 புரோட்டோனுக்குப் புதிது இல்லை, 2020இல் வந்த எக்ஸ்50இல் ஏற்கெனவே இருந்தது. பிறகு எக்ஸ்90க்கும் அதுவே போனது, கூடவே ஒரு சின்ன மின்மோட்டார் துணையோடு. வரிக்கட்டத்துக்குள் அடங்கும் ஓர் இஞ்சின் கைவசம் இருந்தால் அதை எத்தனை காரில் போட முடியுமோ அத்தனையிலும் போடத்தானே செய்வார்கள்.

அந்த மூன்று சிலிண்டர் இஞ்சினின் பிறப்பு சுவாரஸ்யமானது. வால்வோவின் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் இஞ்சினுக்குப் போர் 82 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 93.2. சி.சி. 1,969. அதில் ஒரு சிலிண்டரைக் குறைத்தால் 1,477. கீலியும் வால்வோவும் சேர்ந்து உருவாக்கிய 1.5 அதுதான், 2020இல் வந்த எக்ஸ்50இன் உயர் ரகத்தில் இருந்ததும் அதுதான். ஷா ஆலமில் உள்ள வால்வோ ஆலையில் தயாரான எக்ஸ்சி40 ரீசார்ஜ் ஹைப்ரிட்டிலும் இதே குடும்பத்து 1,477 சி.சி. இஞ்சின், மின்மோட்டாரோடு கைகோத்து உட்கார்ந்திருந்தது. ஒன்றின் விலை லட்சம் வெள்ளியை ஒட்டியது, மற்றதன் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

பணக்கார வீட்டுக் கார்களும் இதற்கு விலக்கல்ல. பெக்கானில் தயாரான மெர்சிடிஸ் ஏ200 செடானின் 1.3 டர்போ, ரெனோ-நிசான் கூட்டணியோடு சேர்ந்து உருவாக்கியது. அதே குடும்பத்து இஞ்சின் 2020இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரிலும் நிசான் கிக்ஸிலும் வந்தது. ஏ200இன் கெரானில் 1,332 சி.சி. என்று இருக்கும், 1.3 சாகாவின் கெரானிலும் 1,332 சி.சி.! இரண்டுக்கும் சாலை வரி 70 வெள்ளி. அளவு ஒன்றாக இருப்பதால் இஞ்சினும் ஒன்று என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். இது தற்செயல் ஒற்றுமை, வேறொன்றும் இல்லை. டொயோட்டா சுப்ராவுக்குள் பி.எம்.டபிள்யூ. இஞ்சின் இருப்பது தற்செயல் அல்ல, ஒப்பந்தம்.

தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் ஸ்விஃப்ட் டிசையர் டாக்சியில் ஏறாமல் திரும்பியிருக்க முடியாது. அந்தக் காலத்து டீசல் டிசையரில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சி.சி. மாருதி அதை மானேசரில் தயாரித்தது, ஃபியட் ரஞ்சன்காவில். மாருதியின் ஸ்விஃப்ட், டாட்டாவின் இண்டிகா விஸ்டா, ஃபியட்டின் புன்டோ, செவ்ரலேயின் செயில் என்று போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே இஞ்சினை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. இந்தியக் கார்ப் பத்திரிகைகள் அதற்கு ‘தேசிய இஞ்சின்’ என்றே பட்டம் கொடுத்தன. 2020இல் புதிய புகைவிதி வந்தபோது அந்த ஆட்டம் முடிந்தது. முடிந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் அந்த டாக்சிகளுக்கு இன்றைக்கும் எந்தச் சின்ன ஊரிலும் வேலை தெரிந்த ஆள் கிடைக்கிறார்.

சரி, இது ஏமாற்றா?

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் ஒருவர் 1977 மாடல் புது ஓல்ட்ஸ்மொபீல் கார் வாங்கினார். ‘ராக்கெட்’ இஞ்சின் என்று அந்த பிராண்டு பல ஆண்டுகளாகப் பெருமை பேசியிருந்தது. பட்டறைக்குப் போன இடத்தில் ஓல்ட்ஸ்மொபீல் பாகம் பொருந்தவில்லை. ஏன் என்று பார்த்தால் உள்ளே இருந்தது செவ்ரலே இஞ்சின். இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுப் பிள்ளைகள்தான். செவ்ரலே இஞ்சினில் குறை என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இல்லினாய் மாநிலம் வழக்குப் போட்டது, மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன, வாங்கியவர்களுக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டி வந்தது. இஞ்சினைப் பகிர்ந்தது அங்கே குற்றமாகவில்லை. சொல்லாமல் விட்டதுதான் குற்றமாயிற்று. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு பட்டறையில்தான் என்பதை இந்த மடல் வேண்டுமென்றே நினைவூட்டுகிறது.

வியோசுக்கும் மைவிக்கும் நடுவே 2023இல் இருந்த முப்பதாயிரம் வெள்ளி வித்தியாசத்துக்கு அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பெரிய உடம்பு, நீண்ட வீல்பேஸ், பெரிய பூட், இருக்கைத் துணி, கதவு சாத்தும்போது வரும் சத்தம், முகப்பில் இருக்கும் முத்திரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அதைத் தெரிந்தே கொடுப்பவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ‘டொயோட்டா இஞ்சின் என்பதால்தான் கூடுதல் விலை’ என்று நம்பிக் கொடுப்பவரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. அவரிடம் உண்மையைச் சொல்லக்கூடிய இடத்தில் விற்பனையாளர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. எல்லோரும் ஒரே பாகத்தை வைத்திருக்கும்போது அந்தப் பாகம் கெட்டால் எல்லோரும் சேர்ந்து மாட்டுவார்கள். டக்காட்டா ஏர்பேக் விவகாரம் அதன் உச்சம். ஒரே நிறுவனத்தின் காற்றுப்பை ஊதியை ஏகப்பட்ட கார் நிறுவனங்கள் வாங்கிப் பொருத்தியிருந்தன. அது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மலேசியாவிலும் உயிர்கள் போயின. 2023 டிசம்பரில் டைஹட்சு தன் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டபோது, அதில் சிக்கிய 64 மாதிரிகளில் டொயோட்டா, மாஸ்டா, சுபாரு பெயரில் விற்றவையும் இருந்தன. பகிர்வு என்றால் பேரும் சேர்ந்துதான் கெடும்.

நம்மூர் உதாரணம் ஒன்று உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. புரோட்டோனின் சி.எஃப்.இ. டர்போ இஞ்சின் எக்சோரா போல்ட், பிரேவே, சுப்ரிமா எஸ் மூன்றிலும் வந்தது. அதன் ஆயில் கூலர் ஹோஸ் கசிவைப் பார்க்காத பட்டறை இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? மூன்று மாடலுக்கும் ஒரே நோய். ஆனால் மருந்தும் ஒன்றாகவே இருந்தது. ஒரு பிரேவேயில் கற்றுக்கொண்டதை அடுத்த வாரம் வந்த எக்சோராவில் அப்படியே செய்ய முடிந்தது. நல்ல ஹோஸ் எது, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற பேச்சு பட்டறைக்குப் பட்டறை பரவியது. தனி ஒரு மாடலில் மட்டும் இருந்த இஞ்சினுக்கு அந்தக் குறை வந்திருந்தால் பரிகாரம் இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது.

இன்னொரு எச்சரிக்கை, இளைய ஃபோர்மேன்களுக்கு. குறியீடு ஒன்று என்பதால் எல்லாம் ஒன்று ஆகிவிடாது. மைவியில் இந்த இஞ்சின் குறுக்கே கிடக்கிறது, முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆருஸிலும் ரஷ்ஷிலும் நீளவாக்கில் கிடந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. மவுண்டும் கியர்பாக்ஸும் வேறாகத்தான் இருக்கும். கணினியின் நிரலும் காருக்குக் கார் மாறும்; மைவியில் சுமார் 102 குதிரைத்திறன் காட்டும் இஞ்சின், ஆல்சாவிலும் வியோசிலும் 105 காட்டுகிறது. பெயரால் வரும் குழப்பத்துக்குப் பழைய வியோஸ் நல்ல உதாரணம்: 2023க்கு முன் கடைசியாக வந்த வியோசில் இருந்தது 2என்.ஆர்-எஃப்.இ.; புதியதில் 2என்.ஆர்-வி.இ. முன்பாதி ஒன்றுதான், பின்பாதி வேறு. ‘1.5 வியோஸ்’ என்று மட்டும் சொல்லிப் பாகம் வாங்கி வரச்சொன்னால் தப்பான பொருள் வந்து சேர வாய்ப்புண்டு. காரின் பெயரைவிட இஞ்சினின் முழுப்பெயர் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்த மடல் உங்களிடம் கேட்பது அந்த முழுப்பெயரைத்தான்.

இன்று பெரும்பாலான பில்களில் ‘சர்வீஸ்’, ‘ஆயில்’, ‘பிளக் 4’, ‘கூலி’ என்று நான்கு வரி இருக்கும், கீழே ஒரு தொகை. வாடிக்கையாளர் அதைச் சுருட்டி டேஷ்போர்டில் போட்டுவிடுவார். அந்தத் தாளின் தலையில் கார் எண்ணுக்குப் பக்கத்தில் இஞ்சின் குறியீட்டையும் எழுதினால் என்ன? மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே அதன் பாக எண், நிறுவனத்தின் சொந்தப் பெட்டியா, அதே தரத்தில் வேறு பெட்டியா, மலிவு ரகமா என்ற குறிப்பு, ஓடிய கிலோமீட்டர். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. இ-ஹெய்லிங் ஓட்டும் ஒரு பெஸ்ஸாக்காரர், பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்துகொண்டு பழைய மைவி ஓட்டும் ஒரு கல்லூரி மாணவி, ஓய்வூதியத்தில் ஆல்சா வைத்திருக்கும் ஒரு ரயில்வேக்காரர் இவர்களில் யாருக்கும் இஞ்சின் அறிவு தேவையில்லை. அந்த ஒரு வரி கையில் இருந்தால் போதும். எந்தக் கடையில் வேண்டுமானாலும் ‘2என்.ஆர்-வி.இ.க்கு இது என்ன விலை’ என்று கேட்கலாம். ஒரே பாகத்துக்கு இரண்டு பெட்டி, இரண்டு விலை இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. பாக எண்ணை எழுதிக் கொடுத்தால் அவர் இணையத்தில் விலை பார்ப்பார், அடுத்த முறை பாகத்தைத் தானே வாங்கிக்கொண்டு வருவார், பாகத்தின்மேல் வைக்கும் இலாபம் போய்விடும். சிலர் அப்படிச் செய்வார்கள்தான். ஆனால் பாகத்தின் விலைக்குள் கூலியை ஒளித்து வைக்கும் பழக்கமே உங்களுக்குத்தான் நட்டம். மூன்று மணி நேரம் குனிந்து நின்று செய்த வேலைக்கு முப்பது வெள்ளி என்று எழுதிவிட்டு, பாகத்தில் எண்பது வெள்ளி ஏற்றுகிறபோது, உங்கள் கைத்தொழிலுக்கு நீங்களே குறைந்த விலை போட்டுக்கொள்கிறீர்கள். கூலியை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். இந்த ஹோஸ் இந்த இஞ்சினில் இத்தனை கிலோமீட்டரில் கசியும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஃபோர்மேனை இணையக்கடை எதுவும் பெட்டியில் போட்டு அனுப்பாது.

மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. புரோட்டோனின் இ.மாஸ் 7 உடம்பும் மோட்டாரும் கீலியின் வீட்டிலிருந்து வந்தவை. பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் இனிப் பல முத்திரைகளுக்கு நடுவே இன்னும் தாராளமாகப் பகிரப்படும். அப்போது பானட்டைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி குறைந்துவிடும். இப்போதே எழுதிப் பழகியவர்களுக்கு அன்றைக்கு அது சுலபமாக இருக்கும்.

நாளை காலை முதலில் வரும் காரிலிருந்தே தொடங்குங்கள். பெரிய பட்டறைகள் கணினி பில்லில் ஒரு கட்டம் கூட்டிக்கொள்ளுங்கள், சின்னப் பட்டறைகள் பேனாவால் எழுதுங்கள், வேலை பழகும் பையன்களுக்கு அதையே முதல் வேலையாகக் கொடுங்கள்: பானட்டைத் திற, குறியீட்டைப் பார், பில்லில் எழுது, பிறகு ஆயிலை இறக்கு.